அணையில்லாத ஆற்றுக்குச் சங்கு ஊதுவது யார்?

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மழை பெய்தது மேலே, மலையில். கீழே நின்றவர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

அணை கட்டிய ஆறு என்றால், ஷட்டரைத் தூக்குவதற்கு முன் சங்கு ஒலிக்கும். வெள்ள அபாய எச்சரிக்கை என்று செய்தி வரும். காட்டாற்றுக்கு ஷட்டரும் இல்லை, அதைத் திறக்கும் அதிகாரியும் இல்லை. குற்றால மலையில் பிறந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாறு அப்படிப்பட்டது. கருப்பாநதி, குண்டாறு போன்ற துணையாறுகளில் அணைகள் உண்டு; சிற்றாற்றின் குறுக்கே பெரிய நீர்த்தேக்கம் கிடையாது. ஆங்காங்கே உள்ள அணைக்கட்டுகள் வாய்க்கால்களுக்கும் குளங்களுக்கும் தண்ணீரைத் திருப்பிவிடும், அவ்வளவுதான். வெள்ளத்தைப் பிடித்துவைக்க அவற்றால் முடியாது. 2024 டிசம்பரில் குற்றாலப் பேரருவியின் பாதுகாப்பு வளைவையே மூழ்கடித்துக்கொண்டு விழுந்த தண்ணீர் அப்படியே கீழே உள்ள ஊர்களை நோக்கித்தான் ஓடியது.

ஆகவே இத்தகைய ஆறுகளில் எச்சரிக்கை என்பது மலையில் விழும் மழையிலிருந்தே தொடங்க வேண்டும். மேலே ஒரு மழைமானி, அதைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள், கீழே கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகள். இதற்குக் கோடிகள் தேவையில்லை. முன்னெச்சரிக்கை ஏற்பாட்டை உருவாக்கிப் பராமரித்து, மக்களுக்குத் தகவல் சேர்ப்பது மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் கடமை என்று 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பிரிவு 30 சொல்கிறது. எனவே இதைச் சலுகையாகக் கெஞ்ச வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரும் ஆகஸ்ட் 15 கிராமசபையில் தீர்மானமாகவே வையுங்கள்: நம் ஊருக்கு யார் எப்படித் தகவல் சொல்வார்கள், ஒதுங்குவதற்கு எந்தப் பள்ளிக்கூடம், அங்கே கழிப்பறை இருக்கிறதா? பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அதுவரை, ஆறு தானே காட்டும் அடையாளங்களை நம்புங்கள். தெளிந்து ஓடிய தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். மேலே இரைச்சல் கேட்கும். அந்த நிமிடமே கரையேறிவிட வேண்டும். துணியையும் செருப்பையும் எடுக்கத் திரும்பக் கூடாது. தரைப்பாலத்தில் வேகமாக ஓடும் அரை அடித் தண்ணீர் ஒரு ஆளைத் தள்ளிவிடும். ஓர் அடித் தண்ணீர் காரையே நகர்த்திவிடும். கலங்கிய வெள்ளத்துக்குக் கீழே பாலம் இன்னும் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. "தினம் போற பாதைதானே" என்று பைக்கை இறக்குபவர்களை ஊர்க்காரர்கள் கையைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும். ஆபத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077, மாநில அறையை 1070 எண்ணில் அழைக்கலாம்.

இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பினால் தீர்ந்துவிடும் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. காட்டாறு பத்து மாதம் ஓடையாகக் கிடந்து, இரண்டு நாள் தன் முழு அகலத்தையும் கேட்கும். அந்த அகலத்தைச் சுவர் வைத்து நெருக்கினால் தண்ணீர் வேகமெடுத்து அடுத்த ஊரை அடிக்கும். வாய்க்கால்களைத் தூர்வாரிக் குளங்களுக்கு வெள்ளத்தைப் பிரித்து அனுப்புவதுதான் நம் முன்னோர் செய்த வேலை. அதை முதலில் செய்யட்டும். வறண்ட காலத்தில் "ஆற்றோர மனை" வாங்குகிறவர்கள் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பார்த்து, ஆற்றுப் புறம்போக்கு எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டு முன்பணம் கொடுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு பலர் நிவாரணத்தை இழப்பது தெரியாமையால்தான். மாநிலப் பேரிடர் நிதியின் 2022–26 காலத்துக்கான நெறிமுறையில், வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்தால் சிறு, குறு விவசாயிக்கு அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் உண்டு. ஆறு திசைமாறி நிலத்தையே கொண்டுபோனால் 47,000 ரூபாய். ஆனால் முதல் நாளே ஜேசிபி வைத்து மணலை அள்ளிவிட்டால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. மணலில் ஓர் அடிக்கோலை நட்டு, பின்னால் வரப்பும் மரமும் தெரியப் படம் எடுங்கள்; கிராம நிர்வாக அலுவலர் பார்த்து எழுதும்வரை பொறுங்கள்.

வீட்டுக்கான நிவாரணத்துக்கு, அது அனுமதி பெற்ற கட்டடம் என்ற சான்று கேட்கிறார்கள். புறம்போக்கில் இருப்போர் விடுபடுவது இங்கேதான். அவர்களின் குடிசை இழப்பையும் கணக்கெடுப்பில் சேர்க்கச் சொல்லி ஊரே நிற்க வேண்டும். நிவாரணத்தில் சாதி, மதம், பால் பார்த்து வேறுபாடு காட்டுவதைப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிரிவு 61 தடைசெய்கிறது. முகாமில் தனி வரிசை, கடைசியில் சோறு என்று எங்காவது நடந்தால் அது சட்டமீறல். தேதி, இடம் குறித்து எழுதி, திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள்; 1100 எண்ணிலும் புகார் பதியலாம். எங்கே கொடுத்தாலும் மனு எண்ணோடு ரசீது வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.