தொலைபேசிவழி இணைய இணைப்பில் நிலை முகவரியும் மாறு முகவரியும்

முன்னுரை

1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, டயல்-அப் எனப்படும் தொலைபேசிவழி இணைப்பே இல்லங்களுக்குரிய வழியாக இருந்தது. அவ்விணைப்பில் கணினி பெறும் ஐ.பி. முகவரி வாடிக்கையாளர்க்கு நிலையாக உரியதா, இணைப்பு நீடிக்கும்வரை மட்டுமே உரியதா என்னும் வினா தொழில்நுட்பத்தோடு நின்றுவிடுவதன்று. இணையத்தில் நிகழ்ந்த ஒரு செயலுக்கு உரியவர் யார் என அறியும் முறையும் அதனைச் சார்ந்துள்ளது. இவ்விருவகை முகவரிகளின் இயல்பையும் விளைவையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

முகவரி வழங்கப்படும் முறை

வாடிக்கையாளரின் மோடம் சேவை வழங்குநரின் எண்ணை அழைக்க, மறுமுனையில் உள்ள வழங்கி விடையளிக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட்டபின், பி.பி.பி. நெறிமுறையைச் சார்ந்த ஐ.பி.சி.பி. வழியே முகவரி முடிவுசெய்யப்படும். கணினி 0.0.0.0 என்னும் முகவரியை அனுப்பினால், தனக்கொரு முகவரி வேண்டும் எனக் கேட்கிறது என்பது பொருள். வழங்கி தன் தொகுப்பில் அப்போது பயன்பாட்டில் இல்லாத ஒன்றை அளித்தால் அது மாறு முகவரி. அப்பயனர் பெயருக்கெனப் பதிந்துவைத்த ஒன்றையே ஒவ்வொரு முறையும் அளித்தால் அது நிலை முகவரி. எனவே, வேறுபாடு கம்பியிலோ மோடத்திலோ இல்லை. வழங்குநரின் பதிவேட்டில் உள்ளது.

மாறு முகவரி பெருவழக்கானமை

ஐ.பி. நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட் நீளமுடையது. ஆகவே, முகவரிகளின் மொத்த எண்ணிக்கை 4,294,967,296 மட்டுமே. எடுத்துக்காட்டாக, 1,000 வாடிக்கையாளர்க்கு 100 மோடங்களை வைத்துள்ள வழங்குநர் ஒருவரைக் கருதலாம். ஒரே நேரத்தில் நூற்றுவர்க்கு மேல் இணைய இயலாது. மாறு முகவரி முறையில் 100 முகவரிகள் போதும். நிலை முகவரி முறையில் 1,000 வேண்டும்; அவற்றுள் 900 எந்நேரமும் பயனின்றிக் கிடக்கும். இதனாலேயே 1996 நவம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 2050, டயல்-அப் வாடிக்கையாளர்க்கு ஆளுக்கொரு நிலை முகவரி வழங்குவதைத் தவிர்க்க வலியுறுத்தியது.

நிலை முகவரியின் பயனும் வரம்பும்

சொந்தமாக அஞ்சல் வழங்கியோ இணையதள வழங்கியோ நடத்துபவர்க்கும், குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே அனுமதிக்கும் அலுவலக வலையமைப்பில் நுழைபவர்க்கும் நிலை முகவரி உதவும். எனினும், தொலைபேசி அழைப்பு துண்டிக்கப்பட்டதும் அம்முகவரியில் எவரும் இல்லை. முகவரி நிலையாயினும் இணைப்பு நிலையற்றது என்பதால், டயல்-அப் வாடிக்கையாளர்க்கு அதன் பயன் குறைவே.

அடையாளமும் காலமும்

மாறு முகவரி முறையில் ஒரே முகவரி ஒரே நாளில் பலரிடம் கைமாறும். எவரிடம் எப்போது இருந்தது என்பதை வழங்குநரின் இணைப்புப் பதிவேடே காட்டும். ஒரு வழங்கியின் குறிப்பில் 20:10 என உலகப் பொது நேரம் பதிவாகியிருப்பதாகக் கொள்ளலாம். இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் முந்தியதாதலால், அது இந்தியாவில் மறுநாள் அதிகாலை 1:40 ஆகும். விசாரணை செய்பவர் அதனை இந்திய நேரப்படி இரவு 8:10 எனப் பிழைபடக் கொண்டால், அந்நேரத்தில் அதே முகவரியைப் பெற்றிருந்த தொடர்பற்ற ஒருவர் குற்றம் சாட்டப்படுவார். முகவரி, நாள், நேரம், நேர மண்டலம் ஆகிய நான்கும் சேர்ந்தாலன்றி ஓர் இணைப்பைச் சுட்டவியலாது. அவ்விணைப்பைப் பயன்படுத்தியவர் யார் என்பதற்கு வேறு சான்றும் வேண்டும்.

முடிவுரை

முகவரிப் பற்றாக்குறையே மாறு முகவரியைப் பொதுவழக்காக்கியது. அதனால் முகவரி தனிமனித அடையாளமாகும் தகுதியை இழந்தது. இன்று கைபேசி வலையமைப்புகளில் ஒரே நேரத்தில் பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால் சிக்கல் மேலும் கூடியுள்ளது. முகவரியுடன் போர்ட் எண்ணையும் துல்லியமான நேரத்தையும் பதிய வேண்டும் என 2011இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6302 பரிந்துரைப்பது இதனாலேயே. ஐ.பி. முகவரியைச் சான்றாகக் கொள்ளும் எந்த ஆய்வும் விசாரணையும், அது மனிதர்க்கன்றி ஓர் இணைப்புக்கு இடப்பட்ட எண் என்பதை முதற்கண் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.