பணியாரச் சட்டியும் ஏணிக் கணக்கும்

புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அடுப்படி. பணியாரச் சட்டியில் எண்ணெய் காய்கிறது. பேத்திக்கு இன்று முதல் பாடம்.

முதல் ஈடு அப்பத்தாவே ஊற்றுகிறார், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே: "குழி முட்ட ஊத்தாதே. ஓரம் பிரிஞ்ச பிறகு குச்சியை விடு." இரண்டாம் ஈடில் திருப்புவது மட்டும் பேத்தி. மூன்றாவது முழுக்க அவளுடையது.

"பிஞ்சு போச்சு அப்பத்தா!"

"ஓரத்தைப் பார்த்தியா?"

அப்பத்தா குச்சியை வாங்கவில்லை. கேள்வியோடு சரி.

தானாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவே உள்ள இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்றார் சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி (1896–1934). அந்தத் துணையைச் 'சாரம்' என்று 1976-ல் அழைத்தார்கள் வுட், புரூனர், ராஸ் மூவரும். கட்டடம் நின்றதும் அவிழ்த்துவிட வேண்டிய அதே சாரம்தான்.

பொறியியல் முதலாண்டு வகுப்பிலும் இதே மூன்று ஈடுதான். சுவரில் சாய்ந்த ஏணியின் மேல் செயல்படும் விசைகளை அம்புகளாகக் காட்டும் விசைப்படம் வரைய வேண்டும். முதல் படத்தை ஆசிரியர் பேசிக்கொண்டே வரைகிறார். இரண்டாவதில் இரண்டு அம்புகளை மட்டும் மாணவருக்கு விட்டுவைக்கிறார். மூன்றாவது வெறுந்தாள். மாணவர் எடையைப் போட்டார். சுவரும் தரையும் தள்ளுவதைப் போட்டார். தரையின் உராய்வை விட்டுவிட்டார்.

"தரையில எண்ணெய் சிந்தியிருந்தா?"

"வழுக்கிடும் சார்... ஓ!" சுவரை நோக்கி ஓர் அம்பு தானே விழுகிறது.

எல்லாக் கணக்கையும் ஆசிரியரே கரும்பலகையில் போட்டுக் காட்டினால்? கடைசி ஈடு வரை குச்சியைத் தராத அப்பத்தா வீட்டில் பேத்திக்குச் சாப்பிட மட்டுமே தெரியும். எதையும் காட்டாமல் முதல் நாளே வெறுந்தாளை நீட்டினாலோ, மாவும் வீண், மனசும் வீண்.

துணை கொடுத்துப் பிறகு கையை எடுக்கும் இந்த வித்தையைப் புதுக்கோட்டை மாவட்டம் தெருவிலேயே பார்த்திருக்கிறது. 1991-ல் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள் ஆயிரக்கணக்கான பெண்கள். சைக்கிள் பழகிய யாருக்கும் தெரியும்: சீட்டைப் பிடித்தபடி ஒருவர் பின்னால் ஓடி வருவார், எந்த நொடியில் கையை எடுத்தார் என்பது ஓட்டுபவருக்கே தெரியாது.

ஒரு வித்தியாசம் உண்டு. பிய்ந்த பணியாரம் உடனே கண்ணில் படும். சைக்கிள் சாய்ந்தால் முழங்கால் சொல்லும். விடுபட்ட அம்போ தாளில் சத்தமில்லாமல் கிடக்கும், தேர்வு வரை. அதனால்தான் கையை எடுத்த பிறகும் ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது: "ஓரத்தைப் பார்த்தியா?"