மேலூர் வட்டாரத்து வீட்டுச் சமையலும் ஆகாரச் சத்தும்

குடியானவன் பாடுபட்டு விளைவித்த தானியம் வயலிலும் களத்திலும் வீணாகாதபடி பார்த்துக்கொள்வதில் யாவரும் கருத்துச் செலுத்துகின்றனர். பூச்சியால் இவ்வளவு நஷ்டம், எலியால் இவ்வளவு நஷ்டம் என்று கணக்கிடுவோரும் உண்டு. ஆனால் அதே தானியம் அடுக்களைக்குள் நுழைந்த பின் அடையும் நஷ்டத்தைக் கணக்கிடுவோர் மிகச் சிலரே. தீட்டுவதாலும், பலமுறை களைவதாலும், கஞ்சியையும் கீரை வெந்த நீரையும் கொட்டிவிடுவதாலும் நீங்கும் சத்து கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகையால் அந்நஷ்டம் நாள்தோறும் நேர்ந்தும் ஒருவர் கவனத்திற்கும் வருவதில்லை. ஒரே அளவு அரிசியும் பருப்பும் வாங்கும் இரண்டு வீடுகளில், அவற்றிலிருந்து உடலுக்குச் சேரும் பயன் ஒரே அளவாக இருப்பதில்லை. சமைக்கும் பக்குவத்தைப் பொறுத்து அது கூடும் அல்லது குறையும். மேலூர் வட்டாரத்துக் குடும்பங்களில் தொன்றுதொட்டு வழங்கிவரும் பக்குவங்கள் சிலவற்றை ஆராய்ந்தால் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

நீர் வந்ததும் ஆகாரம் மாறியதும்

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் மேலூர் அமைந்திருக்கிறது. முற்காலத்தில் இவ்வட்டாரம் வானம் பார்த்த பூமியாகவே இருந்தது. மழை பெய்து கண்மாய் நிறைந்த ஆண்டில் நெல் விளையும். மற்ற ஆண்டுகளில் கேழ்வரகு, கம்பு, சோளம், வரகு, சாமை ஆகிய புஞ்சைத் தானியங்களே ஜனங்களைக் காப்பாற்றின. 1895-ஆம் ஆண்டில் பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் முயற்சியால் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டு, வைகையிற் சேர்ந்து, பேரணையிலிருந்து கால்வாய் வழியே மேலூர் வயல்களுக்கு வந்தது.

நீர் வரவே நெல் பெருகிற்று. பஞ்ச பயம் தணிந்தது. காலப்போக்கில் விசேஷ நாட்களுக்கு மட்டும் உரியதாயிருந்த நெற்சோறு அன்றாட ஆகாரமாயிற்று. 2011-ஆம் ஆண்டு முதல் ரேஷன் கடைகளில் அரிசி விலையின்றியே வழங்கப்பட்டு வருகிறது. பசி தீர்ந்தது பெரும் நன்மையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் சோறு பெருகிய அளவுக்குக் கூழும் களியும் பயறும் தட்டிலிருந்து குறைந்தன. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே எடையுள்ள தீட்டிய அரிசியில் இருப்பதோ ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். கூழ் குடித்த தலைமுறை அறியாமலே பெற்றுவந்ததைச் சோறு உண்ணும் தலைமுறை அறிந்து தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவித்த நெல்லின் சிறப்பு

அரிசியைப் பற்றி உலகம் கற்ற முதற் பாடம் ஜாவாத் தீவிலிருந்து வந்தது. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கிருந்த டச்சு வைத்தியரான எய்க்மான், தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசியைக் கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டார். மனிதரைப் பீடிக்கும் பெரிபெரி என்னும் நோயின் காரணத்தை அறிய இது வழிகாட்டிற்று. தவிட்டில் இருந்த அப்பொருளே பிற்காலத்தில் பி1 என்னும் ஜீவசத்தாக அறியப்பட்டது. எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தென்னாட்டில் இவ்வாராய்ச்சி குன்னூரில் நடந்தது. அங்கே மக்காரிசன் என்பவர் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் ஆகாரங்களை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவை சேர்ந்த சீக்கியரின் ஆகாரத்தை உண்ட எலிகள் மிகவும் செழித்தன. சென்னை மாகாணத்து அரிசி ஆகாரத்தை உண்டவை எல்லாவற்றிலும் மெலிந்து காணப்பட்டன. அரிசி தீயது என்பது இதன் பொருளன்று. அரிசியைத் தீட்டி, அதனுடன் வேறொன்றும் போதுமான அளவு சேர்க்காமல் உண்பதே குறை என்பதுதான் பொருள்.

அவருக்குப் பின் 1935-இல் குன்னூர் ஆராய்ச்சிசாலையின் பொறுப்பை ஏற்ற அய்க்ராய்டும் அவருடைய சகாக்களும் மற்றோர் உண்மையை எடுத்துக்காட்டினர். ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி நோய் பரவியிருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிதாகவே இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, உமிக்கு அடுத்துள்ள தோலில் இருக்கும் ஜீவசத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆகவே பின்னர்த் தீட்டினாலும் களைந்தாலும் முழுதும் நீங்குவதில்லை. மேற்படி ஆராய்ச்சிசாலை 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்றும் பணியாற்றி வருகிறது.

மேலூர் வீடுகளில் அண்டா வைத்து நெல் அவித்த ஸ்திரீகள் இவ்வாராய்ச்சியை அறிந்தவர்கள் அல்லர். அவித்த அரிசி உடையாது, பசி தாங்கும், பழையதுக்கு ஏற்றது என்பதே அவர்கள் கண்ட பயன். அப்பயனுடன் ஆரோக்கியமும் சேர்ந்து வந்தது.

களைதலும் வடித்தலும்

புழுங்கலரிசியாயினும் கை ஓயும் வரை களைவது தவறு. தூசியும் கல்லும் நீங்க இரண்டு முறை களைந்தாற் போதும். முதல் நீரைக் கொட்டிவிடலாம். இரண்டாவது நீரில் கரைந்து வரும் சத்தைக் குழம்பிற் சேர்ப்பதே முறை. மேலூருக்குக் கிழக்கேயுள்ள செட்டிநாட்டில் இதற்கென்றே மண்டி என்னும் பதார்த்தம் வழங்குகிறது. சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் ஆகியவற்றை எண்ணெயில் வதக்கி, வெண்டைக்காயோ வேகவைத்த மொச்சையோ சேர்த்து, அரிசி களைந்த நீரிற் புளியைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாகக் கொதிக்க வைப்பர். தேங்காயும் பருப்பும் இன்றியே குழம்பு திரண்டு வரும்.

சோற்றை வடிக்காமல் அளவு நீர் வைத்துப் பொங்குவது சத்தைக் காக்கும் வழி. ஒரு பங்கு புழுங்கலரிசிக்கு, அரிசியின் பழமையைப் பொறுத்து, இரண்டரை முதல் மூன்று பங்கு வரை நீர் வேண்டியிருக்கும். வடித்தே பழகியவர்கள் கஞ்சியையாவது காக்க வேண்டும். உப்பும் சிறிது மோரும் கலந்த வடிகஞ்சி வெயிலில் உழைத்து வந்தவருக்கு உகந்த பானம். மிஞ்சியதைக் குழம்பிற்கும் ரசத்திற்கும் பயன்படுத்தலாம்.

இரவில் எஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைக்கும் வழக்கத்திற்கும் காரணமுண்டு. நல்ல நுண்ணுயிர்கள் அச்சோற்றைச் சிறிது புளிக்கச் செய்து ஜீரணத்திற்கு எளிதாக்குகின்றன. அதிகாலையில் வயலுக்குச் செல்பவருக்கு அடுப்பு மூட்டாமலே ஆகாரம் கிடைக்கிறது; நீராகாரத்தால் தாகமும் தணிகிறது. ஆனால் சோறு நன்கு ஆறிய பின்னரே கொதித்து ஆறிய நீரை ஊற்றவேண்டும். பானையை நாள்தோறும் கழுவி உலர்த்தி, மூடி வைக்கவேண்டும். மறுநாட் காலைக்குள் உண்டுவிடவேண்டும்.

கேப்பைக் கூழ் காய்ச்சும் முறை

கேழ்வரகை மதுரைப் பக்கத்தார் கேப்பை என்பர். கேப்பை மாவை முதல் நாள் மாலையிலேயே நீரிற் கரைத்துப் புளிக்க வைப்பர். மறுநாள் நொய்யரிசியை மலர வேகவைத்து, புளித்த மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பாற் கிளறுவர். நீரில் நனைத்த விரலால் தொட்டுப் பார்த்தால் ஒட்டாத பதமே இறக்கும் பதம். ஆறிய கூழை மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, சின்ன வெங்காயம், மோர் மிளகாய், கருவாடு ஆகியவற்றுள் ஒன்றைத் தொட்டுக்கொண்டு அருந்துவர்.

புளிக்கவைப்பது சுவைக்காக மட்டும் அன்று. தானியத்தின் மேற்பகுதியில் இருக்கும் பைட்டிக் அமிலம் இரும்பையும் சுண்ணாம்பையும் உடலிற் சேரவொட்டாமல் பிடித்துவைக்கும் இயல்புடையது. புளிக்கும்போது அவ்வமிலம் குறைகிறது. அவசரத்தில் மாவை அப்பொழுதே கரைத்துக் காய்ச்சுபவர் வயிற்றை நிரப்புகிறாரேயன்றி முழுப் பயனையும் பெறுவதில்லை.

பருப்பும் பயறும்

அரிசியில் உள்ள புரதத்திற்கு ஒரு குறை உண்டு. பருப்பில் உள்ள புரதம் அக்குறையை நிரப்புகிறது. இட்லி, தோசை, பருப்புச் சோறு ஆகியவை தானியமும் பயறும் கூடி ஒன்றையொன்று தாங்கும் ஆகாரங்கள். மேலூருக்கு மேற்கே அழகர்மலை அடிவாரத்திலுள்ள கள்ளழகர் கோயிலில் பிரசாதமாக வழங்கும் தோசை இதற்கு நல்ல உதாரணம். பச்சரிசியுடன் கறுப்புத் தோல் நீக்காத உளுந்து சேர்த்து, மிளகு, சீரகம், சுக்கு கலந்து, நெய்யில் தடிப்பாக வேகவைத்து எடுப்பது அது. உளுந்தின் தோலைக் கழற்றி எறிந்தால் தோசை வெண்மையாகும். நார்ச்சத்தும் தாதுச்சத்தும் ஓரளவு குறையும். பருவமெய்திய பெண்களுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துத் தோலுளுந்துக் களி கிண்டித் தரும் வழக்கமும் கவனித்துக் காப்பாற்றத் தக்கது.

மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு முதலியவற்றை முதல் நாள் இரவில் ஊறவைத்தால் விறகும் எரிவாயுவும் மிச்சமாகும். விரைவில் வேகட்டும் என்று ஆப்பச் சோடா இடுவது பி1 ஜீவசத்தை அழித்துவிடுமாதலால் கூடாது.

கண்மாய் மீனும் கொல்லைக் கீரையும்

கோடையிற் கண்மாய் நீர் வற்றும்போது ஊர் கூடி மீன் பிடிப்பது இப்பக்கத்து வழக்கம். அன்று எல்லா வீடுகளிலும் மீன் குழம்பே மணக்கும். சிறு அயிரை மீனை உயிருடன் நீரில் விட்டு, சிறிது பாலை ஊற்றி, மணலைக் கக்கச் செய்வர். பின்னர் கல்லுப்பிட்டு மண்சட்டியில் உரசி அலசுவர். புளிக்குழம்பு நன்கு கொதித்துப் பச்சை வாடை நீங்கிய பின்னரே மீனைச் சேர்க்கவேண்டும். சேர்த்தபின் கரண்டியிட்டுக் கிண்டலாகாது. சட்டியைப் பிடித்து மெல்லச் சுழற்றுவதே பக்குவம். அயிரையை முள்ளோடு முழுதாக உண்பதால் சுண்ணாம்புச் சத்து வீணாவதில்லை. பால் வாங்க வசதியற்ற வீட்டுக் குழந்தைக்கு இது பேருதவி.

முருங்கை, அகத்தி, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி ஆகியவை கொல்லையிலும் வரப்பிலும் காசின்றிக் கிடைப்பவை. கீரையை முதலிற் கழுவிப் பின்னரே அரியவேண்டும். அரிந்த பின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். குறைந்த நீரில் சிறிது நேரமே வேகவைத்து, அந்நீரையும் ரசத்திற் சேர்க்கவேண்டும். கண்ணுக்கு நன்மை தரும் ஏ ஜீவசத்து இதிலிருந்து உடலிற் சேரக் கொழுப்பு உதவும். ஆகையால் ஒரு கரண்டி நல்லெண்ணெயிலோ கடலை எண்ணெயிலோ தாளிப்பது அவசியம். கீரை உண்ணும் வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்றாக உடலிற் சேரும். உணவுடன் தேநீர் அருந்தினால் அது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நலம்.

சமைப்பவளின் பங்கு

மேற்கண்ட பக்குவங்கள் எதுவும் புத்தகத்தின் மூலம் பரவியதன்று. மாமியார் மருமகளுக்கும், மூத்த ஓரகத்தி இளையவளுக்கும், கண்மாய்க் கரையில் ஒருத்தி அடுத்த வீட்டு மதினிக்கும் சொல்லிச் சொல்லியே அவை வழங்கிவந்தன. உரலும் ஆட்டுக்கல்லும் ஓய்ந்து, அரிசி மூட்டையாகவும் மாவு பொட்டலமாகவும் கடையிலிருந்து வரும் இந்நாளில், கூடி வேலை செய்யும் நேரமும் அந்நேரத்தில் நடந்த பேச்சும் குறைந்துவிட்டன. ஆகையால் அறிந்தவர் அறியாதவருக்கு வலிய எடுத்துச் சொல்வதும், மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூடும்போது ஒரு பதார்த்தத்தையாவது செய்து காட்டிப் பகிர்ந்துகொள்வதும் மிகவும் விரும்பத் தக்கவை.

இறுதியாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் 100-க்கு 53 பேர் இரத்த சோகை உள்ளவர்கள். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் வீட்டார் உடனே திருத்திக்கொள்ளக்கூடிய ஒன்று, சமைத்தவள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் வழக்கம். பல வீடுகளில் அப்பொழுது சோறு இருக்கும். மீன் தீர்ந்திருக்கும், கீரை வழித்தெடுக்கப்பட்டிருக்கும், பருப்பு அடிச்சட்டியில் நீராய் நிற்கும். எத்தனைப் பக்குவம் அறிந்திருந்தும், காத்த சத்து காத்தவளுக்குக் கிட்டாமற் போகிறது. ஆகவே பரிமாறத் தொடங்குமுன் அவளுக்குரிய குழம்பையும் கீரையையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைப்பதை ஒவ்வொரு வீட்டிலும் நியமமாகக் கொள்ளவேண்டும். இதற்குக் காசு செலவில்லை. வீட்டிலுள்ள ஆடவரும் பிள்ளைகளும் சம்மதித்தாற் போதும்.