ஆவாரை: எதற்கு உதவும், எதற்கு உதவாது?

புத்தளத்திலிருந்து பாலாவி வழியாகக் கற்பிட்டிப் பக்கம் போகிறவர்களுக்கு ஆவாரைப் பற்றை புதிதல்ல. மணலிலும் வேலியோரத்திலும் யாரும் நடாமல் வளர்ந்து, மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும். சிங்களத்தில் இதை ரணவரா என்பார்கள். கடைகளில் ரணவரா தேநீர் என்று பக்கெட்டில் விற்பதும் இந்தச் செடியிலிருந்து வருவதுதான். வீட்டில் யாருக்காவது சீனி வருத்தம் (நீரிழிவு) இருந்தால், "ஆவாரம்பூவை அவித்துக் குடியுங்கள்" என்று அக்கம்பக்கத்தில் ஒருவராவது சொல்லியிருப்பார். அந்தப் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது என்ன வகைச் செடி?

கொன்றை, தகரை ஆகியவற்றின் உறவு. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் இதன் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. பழைய நூல்களில் காசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும்; இரண்டும் ஒன்றுதான். பெரும்பாலும் ஆள் உயரப் பற்றையாகவே நிற்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையின் உலர்ந்த பகுதிகளிலும் இயற்கையாக வளர்கிறது. தெலுங்கானாவில் தங்கேடு என்ற பெயரில் இதுதான் மாநில மலர்.

புத்தளக் கரையில் ஏன் இவ்வளவு நன்றாக வளர்கிறது?

இங்கே மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை வெயிலும் காற்றும்தான். பல செடிகள் வாடிப்போகும் அந்தக் காலத்தையும் ஆவாரை தாங்கும். மணலும் சத்துக் குறைந்த தரையும் அதற்குப் போதும். விதையின் தோல் கெட்டியானது. தண்ணீர் எளிதில் உள்ளே போகாது. அதனால் விழுந்த விதைகள் எல்லாம் ஒரே மழையில் முளைத்து, அடுத்த வெயிலில் ஒன்றாகச் சாகும் ஆபத்தும் இல்லை.

ஆவாரைதான் என்று எப்படி உறுதி செய்வது?

ஒரு கிளையைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், சிறிய காது மடல் போல அகன்ற இரண்டு பச்சை மடல்கள் (இலையடிச் செதில்கள்) இருக்கும். அவை உதிராமல் தங்கி நிற்கும். இதுதான் முதல் அடையாளம்.

அடுத்து இலையைப் பாருங்கள். நடுக்காம்பின் இரு பக்கமும் எட்டு முதல் பன்னிரண்டு சோடிச் சிற்றிலைகள் இருக்கும். சிற்றிலையின் நுனி கூராக இல்லாமல் மழுங்கி இருக்கும். ஒவ்வொரு சோடிக்கும் நடுவே குச்சி போல ஒரு சின்னஞ்சிறு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலால் தடவிப் பாருங்கள், தட்டுப்படும்.

பூவுக்கு ஐந்து இதழ், பத்து மகரந்தத் தண்டுகள். மேலே உள்ள மூன்று தண்டுகள் குட்டையாகி, மகரந்தம் இல்லாமல் இருக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் தூளாக வெளியே கிடக்காது. மகரந்தப் பையின் நுனியில் உள்ள துளை வழியாகத்தான் வரும். தச்சு வண்டு போன்ற பெரிய வண்டுகள் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும். காலை நேரத்தில் பற்றைக்குப் பக்கத்தில் நின்றால் அந்த ரீங்காரம் கேட்கும்.

காய் தட்டையாக, காகிதம் போல மெல்லியதாக, மூன்று நான்கு அங்குல நீளத்தில் இருக்கும். முற்றினால் பழுப்பு நிறமாகும்.

எந்தச் செடியோடு மாறிப்போக வாய்ப்பு உண்டு?

கவனமாக இருக்க வேண்டியது பேயாவாரையோடு. அதன் பூவும் மஞ்சள்தான். ஆனால் சிற்றிலைகள் குறைவு, நான்கு முதல் ஆறு சோடி. நுனி கூராக இருக்கும். கசக்கினால் கெட்ட நாற்றம் அடிக்கும். சுரப்பி இலைக்காம்பின் அடியில் ஒன்றுதான் இருக்கும். காது போன்ற மடல் இருக்காது.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் ஆண்டுதோறும் சிறு பிள்ளைகள் திடீரென நோயுற்று இறந்துகொண்டிருந்தார்கள். முதலில் மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். பேயாவாரை விதையைத் தின்றதால் வந்த நஞ்சுதான் அது என்று 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அடையாளம் தெரியாத மஞ்சள் பூச்செடியின் காயைப் பிள்ளைகள் பறித்து விளையாட விடாதீர்கள்.

நிலாவாரை என்று இன்னொன்று உண்டு. அது மருந்துச் சரக்குக் கடையில் கிடைக்கும் கடும் பேதி மருந்து. கடையில் கேட்கும்போது பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

நம் முன்னோர் இதை எதற்குப் பயன்படுத்தினார்கள்?

சித்த வைத்தியத்தில் இலை, பூ, பட்டை, வேர், விதை ஆகிய ஐந்தும் மருந்து. சீனி வருத்தத்துக்கும், சிறுநீர் எரிவு, அடிக்கடி சிறுநீர் போதல் போன்றவற்றுக்கும் பூவும் பட்டையும் கொடுத்தார்கள். வயிற்றோட்டத்துக்குப் பட்டைக் கஷாயம். வாய்ப்புண்ணுக்கும் ஈறு வீக்கத்துக்கும் அதே கஷாயத்தால் கொப்பளிப்பு. காய்ந்த பூவைப் பயற்றம் மாவோடு சேர்த்து உடம்பில் தேய்த்துக் குளிப்பது தமிழ் வீடுகளில் இன்றும் உண்டு. பூவை வறையாகச் சமைத்தும் சாப்பிடுவார்கள்.

பட்டையில் அப்படி என்ன இருக்கிறது?

துவர்ப்பைத் தரும் டானின் (தோலை இறுக்கும் பொருள்) நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் தோல் பதனிடுவதற்கு ஆவாரம்பட்டையை நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்த பிறகுதான் அதன் தேவை குறைந்தது. ஆட்டுத் தோலை இறுக்கிக் கெடாமல் வைக்கும் அதே டானின்தான், கொப்பளிக்கும்போது புண்ணான ஈறையும் இறுக்குகிறது. கொப்பளித்துத் துப்புவதற்கு அது நல்லது. பட்டைக் கஷாயத்தைத் தொடர்ந்து குடிப்பதற்கு நான் ஊக்கம் தர மாட்டேன். டானின் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். இரத்தச் சோகை உள்ள பெண்களுக்கு இது முக்கியம்.

ஆவாரை சீனி வருத்தத்தைக் குணப்படுத்துமா?

குணப்படுத்தும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. சீனியைக் குறைக்கும் தன்மை உண்டு என்பதற்கு அறிகுறிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்கு ஆவாரம்பூச் சாற்றை முப்பது நாள் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் இரத்தச் சீனி குறைந்தது என்று 2002இல் எழுதினார்கள்.

எலிக்குக் குறைந்தால் எனக்கும் குறையாதா என்று கேட்பீர்கள். எலிக்குக் கொடுத்தது அளந்து எடுத்த சாறு. நீங்கள் குடிப்பது கையளவில் போட்ட பூ. ஒரு பற்றைக்கும் இன்னொன்றுக்கும், ஒரு மாதத்துக்கும் இன்னொரு மாதத்துக்கும் அதிலுள்ள பொருள்களின் அளவு மாறும். எத்தனை பூவுக்கு எவ்வளவு சீனி குறையும் என்று எந்த வைத்தியராலும் கணக்குச் சொல்ல முடியாது.

ஆவாரை பூத்திருக்கும்போது சாவு எங்கே வரும் என்ற கருத்தில் ஒரு பழமொழி இருக்கிறது. அது செடியின் மேல் மக்கள் வைத்த அன்பைக் காட்டுகிறது. அதை நம்பி கிளினிக் மருந்தை நிறுத்தியவருக்குச் சீனி ஏறிக்கொண்டே போகும். கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவை வலியில்லாமல் மெல்ல மெல்லக் கெடும். தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

இன்னும் ஒன்று. சித்தர் முறையிலும் வெறும் பூவை மட்டும் கொடுப்பதில்லை. ஆவாரைக் குடிநீர் என்ற மருந்தில் கொன்றை, நாவல், மருது, கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம் ஆகியவையும் சேர்கின்றன. உடம்பைப் பார்த்து அளவைத் தீர்மானிக்க வேண்டியது வைத்தியர். இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத, சித்த, யூனானி வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். போகும் இடத்தில் அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

தினமும் குடிக்கலாமா?

பலரும் கேட்காமல் விடும் கேள்வி இது. பேராதனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இலங்கையின் மருந்துச் செடிகள் பலவற்றைச் சோதித்து, முடிவை 1981இல் வெளியிட்டார்கள். பைரோலிசிடின் அல்கலாயிட்டு (கல்லீரலைத் தாக்கும் ஒரு வகைச் செடி நஞ்சு) சில செடிகளில் இருந்தது. அவற்றில் ஆவாரையும் ஒன்று. எலிகளுக்குக் கொடுத்தபோது கல்லீரல் பாதிப்பும் தெரிந்தது.

ஒரு கோப்பை குடித்தால் ஈரல் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். இவ்வகை நஞ்சு உடம்பில் தொடர்ந்து சேரும்போதுதான் பெரும்பாலும் கேடு செய்யும். ஆகவே மாதக்கணக்கில் தண்ணீருக்குப் பதிலாக இதையே குடிக்கும் பழக்கம் வேண்டாம். இடையிடையே ஒரு கோப்பை போதும்.

வேறு மருந்து எடுப்பவர்கள்?

இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது, சீனிக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் ஆவாரையும் குடித்தால், இரண்டும் சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கக்கூடும். திடீர் வியர்வை, கை நடுக்கம், கடும் பசி, தலைச்சுற்று, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி குடித்துவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, வலிப்பு மருந்து. கார்பமசெபின் என்ற மருந்தோடு ஆவாரைத் தேநீரையும் எலிகளுக்குக் கொடுத்த இலங்கை ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. எலிகளின் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறத்தாழ அரைப் பங்கு கூடியிருந்தது. அளவு கூடினால் மருந்தே நஞ்சாகும். கார்பமசெபின் எடுப்பவர்கள் ஆவாரையைத் தொடாதிருப்பது நல்லது.

வேறு யார் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு பிள்ளைகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், அடிக்கடி மது அருந்துபவர்கள். சிறுநீரக நோயாளிகள் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் எந்தக் கஷாயமும் குடிக்கக் கூடாது.

எப்படித் தயாரிப்பது?

காலையில் விரிந்த பூக்களைப் பறியுங்கள். காம்பையும் பூச்சியையும் நீக்குங்கள். ஆவாரை இலையைத் தின்னும் பச்சைப் புழுக்கள் பூவோடு சேர்ந்து வரும். நிழலில், துணி மேல் பரப்பி, நொறுங்கும்வரை காயவைத்துப் போத்தலில் இறுக மூடிவையுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்ததை எறிந்துவிடுங்கள்.

ஒரு கோப்பைக் கொதிநீரில் ஐந்தாறு பூவைப் போட்டு, ஐந்து நிமிடம் மூடிவைத்து வடித்துக் குடிக்கலாம். நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்புத்தான் கூடும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். சீனி வருத்தக்காரர் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இதைக் குடிப்பதில் பயனில்லை. பனங்கட்டியும் சீனியை ஏற்றும்.

எங்கே பறிக்கலாம்?

பெரிய வீதியோரத்துச் செடியில் புகையும் தூசியும் படிந்திருக்கும். கற்பிட்டிப் பக்கம் மிளகாய், வெங்காயத் தோட்டங்களின் ஓரத்தில் நிற்கும் செடியில் பூச்சி மருந்து பட்டிருக்கலாம். இரண்டும் வேண்டாம். வில்பத்து தேசிய வனத்துக்குள் செடி பறிப்பது சட்டப்படி குற்றம்.

பூவைப் பறித்தால் செடி மறுபடி பூக்கும். தண்டைச் சுற்றிப் பட்டையை உரித்தால் மேல்பாகம் காய்ந்துபோகும். பட்டை தேவையென்றால் வெட்டிய கிளையிலிருந்து எடுங்கள். காற்றடிக்கும் கரையில் மணலைப் பிடித்துவைப்பது இப்படிப்பட்ட பற்றைகள்தான். தோட்டத்துக்கும் கட்டடத்துக்கும் அவற்றை அடியோடு வழித்தெடுத்தால் மணல் பறந்து வந்து உங்கள் வீட்டு முற்றத்தில்தான் சேரும்.

வீட்டில் வளர்க்க முடியுமா?

தாராளமாக. முற்றிய விதையைச் சூடான நீரில் போட்டு, அது ஆறும்வரை வைத்து, ஓர் இரவு ஊறவிடுங்கள். ஒக்டோபர் மழைக்கு முன் மணலில் விதையுங்கள். முதல் வறட்சிக் காலத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

நீங்களோ உங்கள் அம்மாவோ ஆவாரை குடிப்பவரானால், அடுத்த கிளினிக் நாளில் அந்தப் பக்கெட்டை, அல்லது காய்ந்த பூவில் ஒரு பிடியைக் கையோடு கொண்டுபோங்கள். கிழமைக்கு எத்தனை கோப்பை, எப்போதிருந்து என்று வைத்தியரிடம் சொல்லி, கிளினிக் கொப்பியில் எழுதிவிடச் சொல்லுங்கள். ஏசுவார் என்று பயந்து பலர் மறைத்துவிடுகிறார்கள். மருந்தின் அளவைச் சரியாகத் தீர்மானிக்க அவருக்கு அந்தத் தகவல் வேண்டும்.