அரசு இரகசியமும் குடிமை உரிமைகளும்: ‘முத்திரையிட்ட உறை’ நடைமுறையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தேசப் பாதுகாப்பின் பொருட்டுச் சில செய்திகளை மறைத்து வைக்க இந்தியச் சட்டம் அரசுக்கு இடமளிக்கிறது. மறைக்கப்பட்ட அச்செய்தியையே சான்றாகக் கொண்டு ஒருவரின் உரிமை பறிக்கப்படும்போது சிக்கல் எழுகிறது. எது இரகசியம் என்பதைத் தீர்மானிப்பவர் யார், பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து வாதிட இயலுமா என்னும் இரு வினாக்களை உச்ச நீதிமன்றம் எதிர்கொண்ட விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அரசு இரகசியம், தேசப் பாதுகாப்பு, முத்திரையிட்ட உறை, இயற்கை நீதி, தடுப்புக் காவல்.

முன்னுரை

படைகளின் நகர்வையும் உளவுத் தகவல் தருவோரின் அடையாளத்தையும் எந்த அரசும் வெளியிடுவதில்லை. ஆனால் நாட்டைக் காக்கும் அதே திரை, ஓர் அதிகாரியின் தவற்றையும் மறைக்க வல்லது. திரைக்குப் பின் இருப்பது எது என்பதைத் திரையிட்டவரே சொல்லும் நிலையில் குடிமக்களின் உரிமை அவருடைய நற்பண்பை மட்டுமே சார்ந்திருக்கும்.

சட்டங்களின் நிலை

பிரிட்டிஷ் ஆட்சியில் இயற்றப்பட்ட 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியங்கள் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. இச்சட்டம் ‘இரகசியம்’ என்பதற்கு வரையறை தரவில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு எதிர்த்திசையில் அமைந்தது. நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலை மறுக்க அதன் 8(1)(அ) பிரிவு இடமளிக்கிறது. எனினும், வெளியிடுவதால் விளையும் பொதுநலன் தீங்கினும் மிகுமாயின், 1923ஆம் ஆண்டுச் சட்டம் எதுவாக இருப்பினும், தகவலை அளிக்கலாம் என 8(2) பிரிவு கூறுகிறது. உளவு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் 24ஆம் பிரிவும் ஊழல், மனித உரிமை மீறல் குறித்த தகவல்களை அவ்விலக்கிலிருந்து நீக்கியுள்ளது.

ஆவணத்தைக் காணும் உரிமை

அரசு விவகாரங்கள் குறித்த வெளியிடப்படாத ஆவணங்களை நீதிமன்றத்தில் முன்வைக்க மறுக்கும் உரிமையை 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தன் 123ஆம் பிரிவில் அரசுக்கு வழங்கியது. 1960இல் சோதி சுக்தேவ் சிங் வழக்கில், அத்தகைய ஆவணத்தை நீதிபதியே பார்வையிடுதல் இயலாது என உச்ச நீதிமன்றம் கருதியது. 1975இல் ராஜ் நாராயண் வழக்கில் இந்நிலை மாறியது. பிரதமரின் பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய நூல் தொடர்பான அவ்வழக்கில், அரசின் பிரமாணப் பத்திரம் மனநிறைவளிக்காவிடின் நீதிமன்றம் ஆவணத்தைப் பார்வையிடலாம் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. 1981இல் எஸ்.பி. குப்தா வழக்கில் நீதிபதிகளின் நியமனம், இடமாற்றம் பற்றிய கடிதப் போக்குவரத்தே வெளிப்படுத்தப்பட்டது.

2019 ஏப்ரலில் ரஃபேல் வழக்கின் மறுஆய்வு விசாரணையில், சென்னையிலிருந்து வெளிவரும் ‘தி இந்து’ நாளிதழ் வெளியிட்ட ஆவணங்களைக் கருத்தில் கொள்ளலாகாது என்னும் அரசின் தடையுரையை நீதிமன்றம் நிராகரித்தது. அவ்வாண்டு நவம்பரில் மறுஆய்வு மனுக்கள் தள்ளுபடியாயின. ஆவணத்தை ஆராய்வது அரசுக்கு எதிராகத் தீர்ப்பளிப்பதாகிவிடாது என்பதை இது காட்டுகிறது.

முத்திரையிட்ட உறை

நீதிபதி காண்பது மட்டும் போதுமா என்பது அடுத்த வினா. முத்திரையிட்ட உறை நடைமுறையில் அரசு தன் ஆவணங்களை நீதிபதியிடம் மட்டும் அளிக்கிறது. எதிர்த்தரப்பினர் அவற்றைக் காண்பதில்லை. இதனால் நீதிபதி ஒரு தரப்பின் கூற்றை மட்டுமே கேட்டு முடிவெடுக்க நேர்கிறது.

‘மீடியாஒன்’ மலையாளச் செய்தி அலைவரிசையின் வழக்கு இதற்குச் சான்றாகும். உள்துறை அமைச்சகம் பாதுகாப்பு ஒப்புதலை மறுத்ததால் 2022 ஜனவரியில் அதன் ஒளிபரப்பு அனுமதி நீக்கப்பட்டது. காரணம் அலைவரிசைக்குத் தெரிவிக்கப்படவில்லை. உறையிலிருந்த கோப்புகளைக் கண்ட கேரள உயர் நீதிமன்றம் அரசின் ஆணையை ஏற்றது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. அரசை விமர்சிப்பதும், தடை செய்யப்படாத ஓர் அமைப்புடன் தொடர்பு இருப்பதாகக் கூறப்படுவதும் உரிமையை மறுக்கப் போதிய காரணங்கள் ஆகா என அது கூறியது. உறைக்குள் இருந்தவரை வலுவாகத் தோன்றிய காரணங்கள், ஆராய்ந்தபோது நிலைக்கவில்லை.

இயற்கை நீதியைச் சுருக்கும் நடவடிக்கை, நோக்கத்திற்கு ஏற்ற அளவுடையதாகவும் குறைந்த தீங்குடைய மாற்றுவழி இல்லாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது இத்தீர்ப்பின் சாரம். உணர்வுமிக்க பகுதிகளை மட்டும் மறைத்து எஞ்சியதை அளித்தல், இரகசியக் கோரிக்கையை ஆராய நடுநிலை வழக்கறிஞர் ஒருவரை நியமித்தல், காரணங்களுடன் கூடிய ஆணை பிறப்பித்தல் ஆகிய வழிகளை அது சுட்டியது.

எஞ்சியுள்ள இடைவெளி

தடுப்புக் காவலில் நிலைமை வேறு. காவலின் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும் என அரசியலமைப்பின் 22(5) உறுப்பு கூறுகிறது; பொதுநலனுக்கு எதிரானவை எனக் காவல் ஆணையிட்ட அதிகாரி கருதும் உண்மைகளை வெளியிட வேண்டியதில்லை என 22(6) கூறுகிறது. ஒளிபரப்பு உரிமத்தினும் உடலின் விடுதலை பெரிது. எனினும் இங்கு மறைப்பதைத் தீர்மானிப்பவர் சிறைப்படுத்தியவரே ஆவார்.

முடிவுரை

இரகசியமும் உரிமையும் ஒன்றையொன்று அழித்தே வாழவேண்டியவை அல்ல. இரகசியத்தைக் கோருபவர் ஒருவராகவும் அதை மதிப்பிடுபவர் வேறொருவராகவும் இருத்தல் வேண்டும். பாதிக்கப்பட்டவரின் சார்பில் பேசும் ஒரு குரலேனும் அங்கு ஒலித்தல் வேண்டும். முதற்கூறு 1975இலும் இரண்டாவது 2023இலும் தீர்ப்புகளின்வழி உருப்பெற்றன. தடுப்புக் காவலிலும் இவ்விரண்டும் இடம்பெறும்போதே சமநிலை முழுமையடையும்.