கனகாம்பரத் தோட்டத்தில் ஒரு விஞ்ஞானி!

புதுச்சேரி கடைத்தெருவில் கனகாம்பரச் சரம் வாங்குபவர்கள் பூவின் நிறத்தைப் பார்ப்பார்கள். எத்தனை நேரம் வாடாமல் இருக்கும் என்று கேட்பார்கள். அந்த நிறத்துக்குப் பின்னால் ஒரு விவசாயியின் ஆராய்ச்சி இருக்கலாம் என்று நினைப்பவர்கள் குறைவு.

வில்லியனூர் கொம்யூனில் இருக்கிறது கூடப்பாக்கம் கிராமம். இந்த ஊரைச் சேர்ந்த வெங்கடபதி ரெட்டியார், நூற்றுக்கும் மேற்பட்ட கனகாம்பர ரகங்களை உருவாக்கியவர். சவுக்கிலும் புதிய ரகம் கண்டவர். பள்ளிப் படிப்பைத் தொடக்க வகுப்புகளோடு நிறுத்தியவர். 2012-ம் ஆண்டு மத்திய அரசு இவருக்கு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. பூசா பாஸ்மதி 1121 நெல்லை உருவாக்கிய முனைவர் விஜய்பால் சிங்கின் பெயரும் அதே ஆண்டுப் பட்டியலில் இருந்தது. அவர் டெல்லி ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி. இவர் சொந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்.

கதிர் பாய்ந்த செடிகள்

கனகாம்பரத்தில் புது ரகம் எடுப்பது லேசான வேலை இல்லை. அதிகம் பயிராகும் டெல்லி கனகாம்பரம் விதையே வைக்காது. அதன் குரோமோசோம் அமைப்பு அப்படி. தண்டுக் குச்சியை வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். குச்சியில் வரும் செடி தாய்ச் செடியைப் போலவே இருக்கும். புது நிறம் வேண்டுமென்றால் மரபணுவிலேயே மாற்றம் நடக்க வேண்டும்.

அந்த மாற்றத்தைத் தூண்டக்கூடியது காமா கதிர்வீச்சு. அதைத் தேடித்தான் ரெட்டியார் கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தை அணுகினார். கதிர் பட்ட செடியில் என்ன மாறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பல செடிகள் கருகும், பல குட்டையாகிவிடும். ஒன்றிரண்டில்தான் புது நிறமோ, கூடுதல் பூவோ தெரியும். அந்த ஒன்றைக் கண்டுபிடித்து, குச்சி எடுத்து நட்டு, அடுத்தடுத்த நடவிலும் அதே குணம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவி அணு மையத்தில் இருந்தாலும், செடியைத் தேர்ந்தெடுக்க வருடக்கணக்காகத் தோட்டத்தில் பழகிய கண் வேண்டும். இப்படிக் கதிர் பட்ட செடியில் கதிரியக்கம் தங்காது என்பதால் பூவைச் சூடப் பயப்படத் தேவையில்லை.

வேலை முதலில், பெயர் பிறகு

கருவியே இல்லாமல் சாதித்தவரும் உண்டு. மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்துச் சிறு விவசாயி தாதாஜி கோப்ரகடே, 1983-ல் தன் நெல் வயலில் வித்தியாசமான சில கதிர்களைப் பார்த்தார். தனியாகப் பறித்து, தனியாக விதைத்து, சில வருடங்கள் தொடர்ந்து தேர்வு செய்தார். கைக்கடிகாரத்தின் பெயரால் ‘ஹெச்.எம்.டி’ என்று பரவிய நெல் அதுதான்.

மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல், ஆசிரியர் தேர்வில் தோற்றவர். 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணி விதைத்து, ஒவ்வொரு செடியாக எண்ணிக் குறித்தார். உலகம் அதன் அருமையை உணர்ந்தது 1900-ல். அதற்கு 16 வருடங்களுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.

‘விஞ்ஞானி’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லே 1830-களில்தான் உருவானது. விதை தேர்வு செய்யும் வேலைக்கோ பல ஆயிரம் வருட வயது. ஆகவே, பட்டம் வாங்கிய அன்றுதான் ஒருவர் விஞ்ஞானி ஆகிறார் என்பதில்லை. ‘ஏன் இந்தச் செடி மட்டும் இப்படி?’ என்று கேட்டு, பதில் கிடைக்கும் வரை சோதித்துப் பார்ப்பவர் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்.

எழுதாவிட்டால் இழப்பு

‘நமக்கென்ன ஆராய்ச்சி’ என்று ஒதுங்குவதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. 1768-ல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி, இங்கிருந்த தமிழர்களின் கிரகணக் கணக்கைக் கேட்டறிந்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பிய அட்டவணையோ 68 விநாடி கூடுதலாகச் சொன்னது. தமிழ்க் கணக்கு இத்தனை துல்லியம் என்று இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், வந்தவர் எழுதி வைத்ததுதான்.

விதையிலும் இதே கதைதான். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001, புது ரகம் உருவாக்கிய விவசாயியையும் விஞ்ஞானிக்குச் சமமாகப் பதிவு செய்ய அனுமதிக்கிறது. விவசாயிகள் ரகத்துக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. ஆனால், பயிர் அரசு அறிவிக்கைப் பட்டியலில் இருக்க வேண்டும். மற்ற ரகத்திலிருந்து வேறுபடுகிறதா, எல்லாச் செடியும் ஒன்றுபோல இருக்கிறதா, வருடா வருடம் குணம் மாறாமல் நிற்கிறதா என்றும் பார்ப்பார்கள். இதற்கெல்லாம் பதில் சொல்ல நோட்டுப் புத்தகம் வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

வித்தியாசமான செடி கண்ணில் பட்டால், அன்றே நூல் கட்டி அடையாளம் வையுங்கள். தேதி, என்ன வித்தியாசம், அந்த இடத்தில் போட்ட உரம், பாய்ச்சிய தண்ணீர் எல்லாவற்றையும் எழுதுங்கள். வரப்போரச் செடிக்கு வெயிலும் சத்தும் கூடுதலாகக் கிடைக்கும். அந்தச் செழிப்பை ரகத்தின் குணம் என்று நம்பிவிடக் கூடாது. அறுவடையில் அதன் விதையை மற்றதோடு கலக்காமல் எடுத்து, அடுத்த பட்டத்தில் வயலின் நடுவே, பழைய ரகத்தோடு பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் விதையுங்கள். இரண்டுக்கும் ஒரே உரம், ஒரே தண்ணீர். மகசூலைத் தனித்தனியாக எடை போடுங்கள். தோற்றாலும் எழுதி வையுங்கள்.

இரண்டு மூன்று பட்டம் குணம் நின்றால், நோட்டோடும் விதையோடும் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகலாம். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் இருக்கிறது. ‘ஒரு சந்தேகம் கேட்க வந்தேன்’ என்று தயங்கி நிற்க வேண்டாம். ‘மூன்று பட்டமாக நான் சோதித்துப் பார்த்தது இது’ என்று நோட்டை மேசையில் வையுங்கள்.