பள்ளிச் சிறார் பல்நலமும் பொதுமருத்துவமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாடுகள் சில, பள்ளிச் சிறாரின் பல்நலத்தைப் பொதுப்பொறுப்பாக ஏற்றன. அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த ஸ்ட்ராஸ்பர்க்கில் 1902இலும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1907இலும் பள்ளிப் பல்மருத்துவ நிலையங்கள் தோன்றின. மருத்துவர் போதாமையை உணர்ந்த நியூசிலாந்து, பள்ளிப் பணிக்கென்றே பல்நலச் செவிலியரை 1921முதல் பயிற்றுவித்தது.

இந்தியாவிலோ முதல் பல்மருத்துவக் கல்லூரியே 1920இல்தான் ரபியுதீன் அகமதுவால் கல்கத்தாவில் நிறுவப்பெற்றது. பல்மருத்துவர் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல்மருத்துவப் பிரிவு 1953இல் அமைந்தது. அதுவரை, செஞ்சியை அடுத்த தொண்டூர் போன்ற சிற்றூர்களின் சிறாருக்கு ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியுமே துணைநின்றன. குச்சி பல்லைத் துலக்கும், சொத்தையை அடைக்காது.

தமிழரும் வாழ்ந்த மலாயாவில், பினாங்கில் 1949இல் பல்நலச் செவிலியர் பயிற்சி தொடங்கியது. எனவே, குறை பல்பேணும் அறிவில் அன்று. பள்ளியைத் தேடிச்செல்லும் மருத்துவ அமைப்பு இன்மையிலேயே என்பது பெறப்படும்.